விளையாட்டுக் கூடங்களும் நகரசபைகளின் பொறுப்பும்

ஒரு நகரசபைக்கு வரும் மனுக்களில், குடும்பத்தோடு சென்று விளையாடிப் பொழுது போக்குவதற்குக் கூடம் ஒன்று கட்ட அனுமதி கோரும் மனு மிகச் சாதாரணமானதாகவே தோன்றும். சாராயக் கடைக்கோ தோல் பதனிடும் சாலைக்கோ அனுமதி கேட்டால் ஊரார் திரண்டு வந்து ஆட்சேபிப்பார்கள். குழந்தைகள் பந்துருட்டவும், சிறு மோட்டார் வண்டிகளில் வட்டமிடவும், வலைமீது குதித்து மகிழவும் ஓர் இடம் வேண்டும் என்றால் யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்? கவுன்ஸிலர்கள் புன்னகையோடு கையைத் தூக்குவார்கள், குமாஸ்தா முத்திரை குத்துவார், காரியம் முடிந்தது. ஆயினும், இத்தகைய மனுவை அற்பமென்று கருதுவதைவிடப் பெரிய பிசகு வேறில்லையென்று நாம் துணிந்து கூறுகிறோம். ஊரிலுள்ள கட்டடங்களில், தம்மைக் காத்துக்கொள்ளும் சக்தியற்றவர்களை வேண்டுமென்றே அழைத்துக் கூட்டி வைப்பவை மிகச் சிலவே. பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் போல விளையாட்டுக் கூடமும் அவற்றில் ஒன்று.

2024-ம் வருஷம் மே மாதம் 25-ந் தேதி, சனிக்கிழமை மாலை, ராஜ்கோட் நகரில் நடந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காந்தியடிகள் பள்ளியிற் படித்ததும், பிற்காலத்தில் 1939-ல் உண்ணாவிரதம் இருந்ததும் அந்நகரமே. பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. டி. ஆர். பி. என்னும் விளையாட்டுக் கூடத்தில் நுழைவுக் கட்டணத்தை 99 ரூபாயாகக் குறைத்திருந்தபடியால் குடும்பங்கள் திரளாக வந்திருந்தன. இரும்புச் சட்டங்களின்மேல் தகரம் வேய்ந்து எழுப்பிய கொட்டகை அது. அதனுள்ளே ஒரு பக்கத்தில் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. அதிலிருந்து தெறித்த பொறி, எளிதில் பற்றிக்கொள்ளும் சாமான்களின்மீது விழுந்தது. சிறு மோட்டார் வண்டிகளுக்காகச் சேமித்து வைத்திருந்த எரிபொருளும் அங்கே இருந்தது. சில நிமிஷங்களுக்குள் கொட்டகை முழுவதும் எரிந்து சரிந்தது. 27 பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களில் அடங்குவர். உடல்கள் இன்னாருடையவை என்று கண்டறியவும் இயலாமல், உறவினரின் இரத்தத்தை வாங்கி டி. என். ஏ. சோதனை செய்தே ஒப்படைக்க வேண்டியதாயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாயிருந்தும் குஜராத் ஹைக்கோர்ட் தானாகவே முன்வந்து இவ்விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. முதல் நோக்கிலேயே இது மனிதர் விளைவித்த விபத்து என்று நீதிபதிகள் கூறினர். தீத்தடுப்பு இலாகாவின் சான்று அக்கூடத்துக்கு இல்லை. கட்டடத்துக்கு நகரசபையின் முறையான அனுமதியும் இல்லை. நகரசபை, மராமத்து, போலீஸ் ஆகிய மூன்று இலாகாக்களையும் சேர்ந்த உத்தியோகஸ்தர்கள் வேலையிலிருந்து தற்காலிகமாக நீக்கப்பட்டனர். நகரசபைக் கமிஷனரும் போலீஸ் கமிஷனரும் மாற்றப்பட்டனர். மாகாணமெங்கும் இத்தகைய கூடங்கள் மூடப்பட்டுச் சோதனைக்குள்ளாயின.

இவையெல்லாம் உயிர் போன பிறகு நடந்தவை. உயிர் போவதற்கு முன் என்ன நடந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டிய பாகம். அக்கூடம் காட்டினுள் மறைவாக நடந்து வந்ததன்று. நகரத்தின் நடுவே, விளம்பரம் செய்து, சீட்டு விற்று, 2021 முதல் பகிரங்கமாக நடந்து வந்தது. பெரிய உத்தியோகஸ்தர்களே அங்கு விருந்தினராகச் சென்று நின்ற புகைப்படங்கள் பின்னர் வெளியாயின. இவ்வளவோடு நின்றதா? அனுமதியின்றிக் கட்டிய அக்கட்டடத்தை இடிக்கும்படி 2023 ஜூன் மாதத்திலேயே நகரசபை உத்தரவிட்டிருந்தது. உத்தரவு பிறந்து ஏறத்தாழ ஒரு வருஷ காலம் அது கட்டுக்குள்ளேயே உறங்கிற்று. அந்த ஒரு வருஷமும் கூடத்தின் கதவு திறந்தே இருந்தது.

சட்டம் இல்லாத தேசம் என்று நம்மைப் பிறர் பழித்தால் நாம் மறுக்கலாம். சட்டம் இருந்தது. அதிகாரம் இருந்தது. தவறு கண்டுபிடிக்கப்பட்டு, உத்தரவும் எழுதப்பட்டது. உத்தரவை எழுதிய கை அதை நிறைவேற்றவில்லை என்பதே குற்றம். சட்டத் தொழிலில் பழகிய நமக்கு ஒன்று தெரியும். குற்றத்தை அறியாதிருந்த அதிகாரி ஒருவாறு மன்னிக்கத்தக்கவர். அறிந்து, அறிந்ததை எழுதியும் வைத்து, பிறகு வாளாவிருந்தவருக்குச் சொல்ல ஒரு சமாதானமும் இல்லை.

இத்தகைய கூடங்களைக் கட்டுவோர் சட்டத்தினின்று தப்புவதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் இருந்து வருகின்றன. முதலாவது, 'தற்காலிகக் கட்டடம்' என்னும் சொல். செங்கல்லும் சிமெண்டும் இல்லை, இரும்பும் தகரமுமே. நாளைக்குக் கழற்றி எடுத்துச் சென்றுவிடலாம். ஆகையால் கட்டட விதிகள் பொருந்தா என்பது வாதம். விநோதமான வாதம்! கட்டடம் தற்காலிகமாயிருக்கலாம், அதற்குள் புகுந்த குழந்தையின் உயிரும் தற்காலிகமா? உறுதியாகக் கட்டிய மாளிகையைவிடத் தகரக் கொட்டகை விரைவில் எரியும், விரைவில் சரியும். ஆகவே விதிகள் அதற்குக் கடுமையாக இருக்கவேண்டுமேயன்றித் தளர்ந்திருத்தல் கூடாது. இரண்டாவது வழி, முதலில் கட்டிவிட்டுப் பிறகு பணம் செலுத்தி 'ஒழுங்குபடுத்தி'க் கொள்வது. வீட்டுச் சுவர் ஓரடி தள்ளிப்போனதற்கு இந்தச் சலுகை தகும் என்று ஒப்புக்கொள்வோம். வெளியேறும் வழி இல்லாத கூடத்துக்கு அபராதம் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தால், அந்த ரசீது வாசலாகிவிடுமா?

இவையெல்லாம் லஞ்சமும் அலட்சியமும் மலிந்த நம் தேசத்தின் சிறப்பு. மேல்நாடுகளில் இவ்வாறு நேராது என்று எண்ணுவோர் நம்மிற் பலர். அவர்களுக்கு ஸம்மர்லாண்ட் என்னும் பெயரை நினைவூட்ட விரும்புகிறோம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலில் உள்ள மான் தீவின் தலைநகர் டக்ளஸ். கோடைக்கு வரும் குடும்பங்கள் மழையிலும் குளிரிலும் நனையாமல் விளையாடி மகிழ வேண்டுமென்று, அந்நகரின் கடற்கரையில் 1971-ல் பிரமாண்டமான ஒரு கூடம் திறக்கப்பட்டது. சூரிய வெளிச்சம் உள்ளே வருவதற்காகச் சுவரின் ஒரு பகுதியையும் கூரையையும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடுகளால் அமைத்தார்கள். உலகத்துக்கே புதுமையென்று அதைக் கொண்டாடினார்கள்.

அங்கே திருட்டுத்தனம் எதுவும் இல்லை. நகரசபையே முன்னின்று நடத்திய முயற்சி அது. ஆனால், வெளிச்சுவர்கள் தீப்பற்றாதனவாகவும், இரண்டு மணி நேரம் நெருப்பைத் தாங்குவனவாகவும் இருக்கவேண்டும் என்று அத்தீவின் கட்டட விதி கூறிற்று. பிளாஸ்டிக் தகடு அந்த விதிக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத பொருளை மாற்றுவதற்குப் பதிலாக, பொருந்தாத விதியை விலக்கிவிட்டார்கள். முறைப்படி மனு, முறைப்படி விதிவிலக்கு, முறைப்படி அனுமதி!

1973 ஆகஸ்டு 2-ந் தேதி மாலை, கூடத்துக்கு வெளியே இருந்த ஒரு பழைய கடைப் பெட்டிக்குள் சில சிறுவர்கள் புகை பிடித்தார்கள். அதிலிருந்து மூண்ட நெருப்பு சுவரைப் பற்றி உள்ளே ஏறி, பிளாஸ்டிக் தகடுகளைக் கவ்விக்கொண்டது. சுமார் 3,000 பேர் உள்ளே இருந்தார்கள். வெளிக் கதவுகளில் சில பூட்டிக் கிடந்தன. தீயணைக்கும் படைக்குச் செய்தி போகச் சுமார் இருபது நிமிஷம் தாமதமாயிற்று. பெற்றோர் ஒரு தட்டிலும் குழந்தைகள் வேறொரு தட்டிலும் விளையாடிக்கொண்டிருந்தபடியால், கீழே ஓடிவரும் கூட்டத்தை எதிர்த்துத் தாய் தந்தையர் தம் மக்களைத் தேடி மேலும் கீழும் ஓடினார்கள். 50 பேர் இறந்தார்கள். விசாரணைக் கமிஷன் 1974-ல் அறிக்கை வெளியிட்டபோது, இதில் வஞ்சகர் என்று ஒருவரையும் சுட்ட முடியாதென்றும், பலருடைய சிறுசிறு தவறுகள் சேர்ந்தே இது நேர்ந்ததென்றும் கூறிற்று.

இவ்விரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ராஜ்கோட்டில் அனுமதி இல்லை. டக்ளஸில் அனுமதி இருந்தது. ஓரிடத்தில் உத்தரவு உறங்கிற்று. மற்றோரிடத்தில் விதி விலக்கப்பட்டது. விளைவு ஒன்றே. ஆகையால் அனுமதிச் சீட்டு இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியோடு நின்றுவிடுவதில் பயனில்லை. அனுமதி என்பது என்ன, அதை யார் யாருக்குத் தருகிறார்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பொதுவாக, அனுமதி என்பது நகரசபை கட்டட முதலாளிக்கு அளிக்கும் சலுகை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். முதலாளி விலை கொடுத்து வாங்கும் பொருளென்றும் சிலர் நினைக்கிறார்கள். நமது அபிப்பிராயம் இவ்விரண்டுக்கும் மாறானது. அனுமதி என்பது, கூடத்தினுள் நுழையப்போகும் பொதுஜனங்களுக்கு நகரசபை எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. 'இதன் சுவர்களை நாம் பார்த்தோம், வாசல்களை எண்ணினோம், உங்கள் குழந்தைகளை அழைத்துச் செல்லலாம்' என்று அது சொல்கிறது. சீட்டு வாங்கும் தகப்பனார் தீத்தடுப்பு நிபுணரல்லர். அவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவருக்குத் தெரியாது. ஊரில் ஒரு நகரசபை இருக்கிறதல்லவா என்ற நம்பிக்கையிலேயே அவர் உள்ளே நுழைகிறார்.

நகரத்தை வகுப்புகளாகப் பிரித்து, இன்ன பகுதியில் இன்ன கட்டடமே எழலாம் என்று விதிக்கும் முறை இந்த நம்பிக்கையின்மீதே எழுந்தது. அமெரிக்காவில் நியூயார்க் நகரம் 1916-ல் நகரம் முழுமைக்கும் இத்தகைய விதிகளைச் செய்தது. ஒஹையோ மாகாணத்தில் யூக்ளிட் என்னும் சிற்றூர் இவ்வாறு விதித்தபோது, நிலச் சொந்தக்காரர் ஒருவர் தம் சொத்துரிமை போயிற்றென்று வழக்காடினார். 1926-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், பொதுஜன க்ஷேமத்தின் பொருட்டு ஊராட்சிக்கு இவ்வதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. இன்றும் அந்நாட்டு ஊர்கள் பலவற்றில், விளையாட்டுக் கூடம் கட்ட விரும்புவோர் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிப்புச் செய்து, பகிரங்கக் கூட்டத்தில் அவர்களுடைய ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லி, நிபந்தனைகளுக்கு உட்பட்டே அனுமதி பெற வேண்டும். வண்டிகள் எங்கே நிற்கும், இரவு எத்தனை மணிக்கு விளக்கணைப்பார்கள், இரைச்சல் வீட்டுக்குள் வருமா என்றெல்லாம் அண்டை வீட்டார் கேட்பார்கள். இவை நியாயமான கேள்விகளே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டாருக்குக் கூட்டத்தில் வாய் உண்டு; முதலாளிக்கு வக்கீல் உண்டு; நாளைக்கு உள்ளே விளையாடப்போகும் குழந்தைக்கு அங்கே ஒருவருமில்லை. அக்குழந்தைக்காகப் பேச வேண்டியவர்கள் மேஜையின் பின்னே அமர்ந்திருக்கும் சபையாரே.

நம் மாகாணத்துக்கும் இவ்விஷயம் புதிதன்று. பொதுஜனங்கள் கூடும் கேளிக்கை இடங்களுக்கு லைசென்ஸ் வேண்டும் என்ற சட்டம் சென்னை ராஜதானியில் 1888-லேயே இயற்றப்பட்டது. நகர நிர்மாணச் சட்டம் 1920-ல் வந்தது. அதனிடத்தில் 1971-ல் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. இத்தனை சட்டங்களுக்கும் பிறகு, 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் கூரை வேய்ந்த பள்ளிக்கூடம் எரிந்து 94 குழந்தைகள் கருகியதை நாம் கண்டோம். ஆதலால், காதியவாரில் நடந்தது காதியவாரோடு போகட்டும் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. நம் நகரங்களிலும் பெரிய அங்காடிகளின் மேல்மாடிகளிலும், புறவழிச் சாலைகளின் ஓரங்களிலும் விளையாட்டுக் கூடங்கள் பெருகி வருகின்றன.

அப்படியாயின் விளையாட்டுக் கூடங்களே வேண்டாமென்று நாம் சொல்லுகிறோமா? ஒருபோதும் இல்லை. முன்னாளில் தெருவே குழந்தைகளின் மைதானமாயிருந்தது. இப்போது தெருவை மோட்டார்கள் பிடித்துக்கொண்டன. குளக்கரையும் மந்தைவெளியும் மனைகளாகிவிட்டன. மூன்றாம் மாடி வீட்டில் அடைபட்ட குழந்தை வாரம் ஒரு நாளாவது ஓடியாட வேண்டாமா? நகரசபை பூங்கா அமைக்கத் தவறிய இடத்தில் ஒருவர் பணம் போட்டு விளையாட்டுக் கூடம் கட்ட முன்வந்தால், அதை வரவேற்கவே வேண்டும்.

யோக்கியமான முதலாளிக்கும் ஒரு குறை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். விதிப்படி நடக்க விரும்புகிறவர் ஐந்து இலாகாக்களின் படிகளில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஓர் இலாகா கேட்பதை மற்றோர் இலாகா அறியாது. மாதக்கணக்கில் பதில் வராது. அதற்குள் விதியை மதியாத போட்டிக்காரர் தகரம் வேய்ந்து, சீட்டு விற்று, லாபமும் கண்டுவிடுகிறார். தாமதமே லஞ்சத்துக்குத் தாய். கண்டிப்பும் விரைவும் ஒன்றுக்கொன்று விரோதமானவையல்ல. குறித்த நாளுக்குள் 'ஆம்' என்றோ, காரணத்தோடு 'இல்லை' என்றோ பதில் சொல்லும் நகரசபையே கண்டிப்பாகவும் இருக்க முடியும்.

எனவே நாம் வற்புறுத்துவன சில. முதலாவதாக, எல்லா இலாகாக்களின் சான்றுகளும் ஒன்றுசேர்ந்து வந்த பிறகே முதல் சீட்டு விற்கப்பட வேண்டும்; ஓர் இலாகாவின் லைசென்ஸைக் காட்டி மற்றதை மறைப்பதற்கு இடமிருக்கலாகாது. இரண்டாவதாக, கட்டடம் தற்காலிகமா நிரந்தரமா என்பதைப் பாராமல், ஒரே சமயத்தில் எத்தனை பேர் உள்ளே இருப்பார்கள் என்பதைப் பார்த்தே விதி அமைய வேண்டும். மூன்றாவதாக, எந்த விதிக்கும் விலக்களிப்பதாயிருந்தால், அதைப் பகிரங்கச் சபையில், காரணம் எழுதி, பெயர் சொல்லிக் கையொப்பமிட்டு அளிக்க வேண்டும். கையொப்பமிடத் தயங்குகிறவர் விலக்களிக்கவும் தயங்குவார். நான்காவதாக, மூடவோ இடிக்கவோ உத்தரவு பிறந்தால், அதே நாளில் மின்சாரத்தைத் துண்டித்து வாசலில் முத்திரையிட வேண்டும். முதலாளி கோர்ட்டுக்குப் போகட்டும், தடையுத்தரவு பெறட்டும், ஆனால் அதுவரை குழந்தைகள் உள்ளே போகக்கூடாது. ஐந்தாவதாக, சோதனை என்பது காலை பத்து மணிக்குக் காலியான கூடத்தில் தேநீர் அருந்திவிட்டு வருவதாக இருத்தல் ஆகாது. விடுமுறை நாள் மாலையில், கூட்டம் நிறைந்திருக்கும் வேளையில், அறிவிப்பின்றிச் சென்று, ஒவ்வொரு கதவையும் கையால் தள்ளித் திறந்து பார்ப்பதே சோதனை.

இவற்றோடு, செலவில்லாத காரியம் ஒன்றும் உண்டு. ஒவ்வொரு கூடத்தின் வாசலிலும், சீட்டு விற்கும் ஜன்னலுக்கு மேலே, தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பலகை வைக்கட்டும். அனுமதி தந்தது எந்த இலாகா, அது எந்தத் தேதியோடு முடிகிறது, எத்தனை பேர் உள்ளே இருக்கலாம், வெளியேறும் வழிகள் எத்தனை, அவை எங்கே என்பவற்றை அதில் எழுதட்டும். அதிகாரிகள் ஆயிரம் பேர் செய்ய முடியாத சோதனையைப் பெற்றோர்கள் தினந்தோறும் செய்துவிடுவார்கள். பலகை இல்லாத இடத்தில் சீட்டு வாங்காமல் திரும்புவது ஒவ்வொருவராலும் ஆகக்கூடிய காரியமே.

பொதுஜனங்களுக்கும் இதில் பங்குண்டு என்று சொல்லாமலிருக்க முடியாது. நில உபயோகத்தை மாற்றுவது பற்றிய அறிவிப்புகள் பத்திரிகைகளில் சிறிய எழுத்தில் வெளிவருகின்றன. அவற்றைப் படிப்போர் எத்தனை பேர்? நம் தெருக்கோடியில் திடீரென்று ஒரு கொட்டகை எழும்பினால், அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுக் கடிதம் எழுதுவோர் எத்தனை பேர்? ஸ்தல சுயாட்சி என்பது ஓட்டுப் போடும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. கேட்கும் ஊருக்கே பதில் சொல்லும் நகரசபை வாய்க்கும்.

ராஜ்கோட்டில் அன்று மாலை 99 ரூபாய்ச் சீட்டை வாங்கிய பெற்றோர் எவரும் தம் குழந்தையை ஆபத்துக்குள் அழைத்துச் செல்வதாக எண்ணியிருக்கமாட்டார்கள். அவர்கள் நம்பினார்கள், நம்புவதற்கு அவர்களுக்கு உரிமை இருந்தது. அந்த நம்பிக்கைக்கு உத்தரவாதம் சொல்ல வேண்டியவர்கள் கட்டுக்குள் ஒரு காகிதத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். இதே போன்ற காகிதங்கள் நம் நகரசபைகளின் அலமாரிகளில் இப்போது எத்தனை உறங்குகின்றன என்பதைக் கமிஷனர்கள் இந்த வாரமே எண்ணிப் பார்த்துப் பொதுஜனங்களுக்குச் சொல்ல வேண்டும். அடுத்த கோடை விடுமுறை வருவதற்கு முன் அவற்றுள் ஒன்றும் மிஞ்சியிருத்தல் கூடாது என்பதே நமது வேண்டுகோள்.